தோளில் ஒரு தழும்பு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

சென்ற விடுமுறையில் அக்கா கைக்குழந்தையுடன் திருப்பாச்சூருக்கு வந்திருந்தாள். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் கொப்புளமாகிச் சீழ் கோத்திருந்தது. "தம்பி, நம்ம வீட்டிலே காலேஜ் படிக்கிறவன் நீ ஒருத்தன்தான். இது ஏண்டா இப்படி ஆவுது?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் விரிவுரையாளரிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

பி.சி.ஜி. என்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. டி அணுக்கள் எனும் வெள்ளணுக்கள் அதை இனங்கண்டு போரிடுவதன் அடையாளமே அப்புண். இவ்வணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயில்கின்றன. இச்சுரப்பியின் பணியை 1961-இல் உலகுக்கு உணர்த்தியவர் ஜாக் மில்லர்.

அங்கே தேர்வு கடுமையானது. முதலில், அணுவின் ஏற்பி சரியாக உருவாகிறதா என்று பார்க்கப்படும். பின்னர், அந்த ஏற்பி சொந்த உடலையே தாக்குமானால் அணு அழிக்கப்படும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அங்கேயே மடிகின்றன.

ஏற்பி இருப்பதோ அணுவின் மேற்புறத்தில். மரபணுக்கள் இருப்பதோ உட்கருவில். இடையே செய்தி செல்ல உதவுபவை 'லேட்', 'எஸ்.எல்.பி.-76' போன்ற இணைப்புப் புரதங்கள். இவை நொதிகள் அல்ல. தாமாக எவ்வேதிவினையையும் நடத்துவதில்லை. 'ஜாப்-70' எனும் நொதி லேட் மீது பாஸ்பேட்டுகளைப் பொருத்தும். அவற்றைப் பற்றிக்கொண்டு 'எஸ்.எல்.பி.-76'-உம் பிற நொதிகளும் ஓரிடத்தில் கூடும். உடனே கால்சியம் பெருகி, செய்தி உட்கருவை எட்டும்.

1998-இல் எஸ்.எல்.பி.-76 இல்லாத எலிகளையும், 1999-இல் லேட் இல்லாத எலிகளையும் ஆராய்ந்தனர். டி அணுக்கள் முதல் தேர்வையே தாண்டவில்லை! டி அணுக்களே இல்லாமல் பிறக்கும் அரிய குழந்தைகளுக்கு, அந்த வலுவிழந்த கிருமியே உடலெங்கும் பரவி உயிருக்கு உலை வைத்துவிடும்.

நம் திருவள்ளூர் வட்டாரத்துக்கும் இவ்வூசிக்கும் பழைய உறவு உண்டு. 1968-இல் இங்கே தொடங்கிய செங்கற்பட்டு ஆய்வு, பெரியோரின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. எனினும் குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காசநோயிலிருந்து காப்பதால் இன்றும் போடப்படுகிறது.

"அக்கா, புண்ணைக் கண்டு பயப்படாதே, புள்ளையோட உடம்பு பாடம் படிச்சிருக்கு. புண் வராத புள்ளைக்கும் குறையின்னு அர்த்தமில்லே" என்றேன். அவள் சிரித்தாள். தான் எதுவும் செய்யாமல் இருவரைச் சேர்த்து வைப்பதும் ஒரு பெரும்பணியே என்பதை அன்று உணர்ந்தேன்.