திருவில்லிபுத்தூர் – இராசபாளையம்: கோபுரமும் மலையடிவாரமும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இரு ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் ஆகும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவு. விருதுநகர்–தென்காசி இருப்புப் பாதையும், திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையும் இரு ஊர்களையும் இணைக்கின்றன. வெளியூரார் பெரும்பாலும் கோயிலில் வணங்கி, பால்கோவா வாங்கிக்கொண்டு குற்றாலத்திற்குப் புறப்பட்டுவிடுவர். வழிநெடுக மேற்கே கூடவே வரும் மலையைப் பலரும் கவனிப்பதில்லை. அம்மலையைப் பார்க்காதவர் இவ்வூர்களைப் பாதியே பார்த்தவர் ஆவர்.

கோயில்

பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய தலம் என்பதாலும், 108 திவ்விய தேசங்களுள் ஒன்று என்பதாலும் திருவில்லிபுத்தூர் புகழ் பெற்றது. இங்கு அடுத்தடுத்து இரு கோயில்கள் உள்ளன. 11 நிலைகளுடன் 192 அடி உயரம் கொண்ட கோபுரம் ஆண்டாள் கோயிலுக்கு உரியது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வடபத்ரசாயி கோயிலின் கோபுரம். பெருமாள் பள்ளிகொண்ட சன்னதிக்குப் படியேறிச் செல்ல வேண்டும். ஆண்டாள் சன்னதியில் ஆண்டாள், ரங்கமன்னார், கருடன் மூவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுமையாக இருக்கும். இரு கோயில்களுக்கும் இடையில் உள்ள நந்தவனத்தில்தான் பெரியாழ்வார் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்பது மரபு.

தமிழ்நாடு அரசு முத்திரையில் காணப்படுவது இக்கோபுரமே என்பது பரவலான கருத்து. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உண்டு. மதுரைக்காரர்களிடம் இப்பேச்சை எடுத்தால் எளிதில் முடியாது.

ஆண்டாள் சூடிய மாலை சித்திரைத் திருவிழாவின்போது மதுரை அழகருக்கும், புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது திருப்பதிக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. ஆடிப்பூரத் தேரோட்டம் இவ்வூரின் பெருவிழா. கூட்டத்தைத் தாங்க முடியாதவர்கள் வேறு மாதத்தில் வருவது நல்லது. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துக் கிண்டப்படும் இவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அணில் வாழும் தோப்புகள்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு உள்ளது. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் இவ்வழியே மலையேறுகின்றனர். இப்பகுதிக் காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்த அணில் தென்னிந்தியாவின் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப் போலப் பல மடங்கு பெரியது. நீண்ட, அடர்ந்த வாலுடையது. தரையில் இறங்குவது அரிது. அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் கூடு கட்டும். ஆபத்து வந்தால் கிளைவிட்டுக் கிளை தாவித் தப்பிவிடும்.

ஓடைக்கரைக் காட்டோடு, அடிவாரத்தில் தனியாருக்குச் சொந்தமான மா, புளியந்தோப்புகளிலும் இது வாழ்கிறது. சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள தோப்பில் நடுவே ஒரு மரத்தை வெட்டினாலும் அதன் பாதை அறுந்துபோகும். எனவே இந்த அணிலின் வாழ்வு வனத்துறையின் கையில் மட்டும் இல்லை, தோப்புக்காரர்களின் கையிலும் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து, ஆயிரம் சதுர கி.மீ.க்கும் மேற்பட்ட புலிகள் காப்பகமாயின. வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதி இதற்குள் அடங்குகிறது. ஆகவே காட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களுக்கு மட்டுமே செல்லலாம். அணிலைக் காண விரும்புவோர் காலையிலோ மாலையிலோ சத்தமின்றி மேலே பார்த்தபடி நிற்க வேண்டும்.

இராசபாளையம்

விசயநகரக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களால் பெயர் பெற்றது இராசபாளையம். பஞ்சாலைகளாலும், அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியாலும் இது தொழில் நகரமாக விளங்குகிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூரினர். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்திற்கு வழங்கியவர். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. மாம்பழக் காலத்தில் வருவோர் சப்பட்டையையும் பஞ்சவர்ணத்தையும் கேட்டு வாங்கலாம்.

ஊரிலிருந்து மேற்கே முடங்கியாறு சாலையில் சென்றால் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரும். நகரின் குடிநீருக்கு இது ஓர் ஆதாரம். அதற்கும் மேலே மலையடிவாரத்தில் அய்யனார் கோயிலும் அருவியும் உள்ளன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அருவியில் நீர் பெருகும்; கோடையில் பாறைதான் மிஞ்சும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலை உச்சியில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்குவது உண்டு. நீர் கலங்கத் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும். மழைநாட்களில் அருவிக்குச் செல்லத் தடை இருக்கும் என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் சோப்பு தேய்த்துக் குளிப்பதையும் நெகிழிப் பைகளை எறிவதையும் தவிர்க்க வேண்டும். இந்த நீரைத்தான் கீழே ஊரில் குடத்தில் பிடிக்கிறார்கள்.