குறி தவறாத கருவி எது?
விளையாட்டுப் பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும் முறை

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் பாட்டிமார் கேலி பேசுவதுண்டு. தன் குறையைக் கருவியின் மேல் சுமத்துவோருக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. ஆனால், கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிட்டால்? 2021ஆம் ஆண்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டு மங்கை மனு பாக்கருக்கு அப்படித்தான் நேர்ந்தது. 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய கருவி பழுதுபட்டது. அதைச் சீர்செய்து மீள்வதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்தன. 600க்கு 575 புள்ளிகள் பெற்று 12ஆம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றில் நுழைந்த எட்டாமவரைவிட இரண்டே புள்ளிகள்தாம் குறைவு. அதே மங்கை 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்று, ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையை அடைந்தார்.

திறமை வேண்டும், அதனுடன் நம்பத்தக்க கருவியும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆகவே, இந்த விளையாட்டுக்குரிய பிஸ்டலை எப்படி ஆராய்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

"பெண் பிள்ளைகள் பத்திரிகையில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று பெற்றோர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அவர்கள் அச்சம் நியாயமானதே. உயிரைக் குடிக்கும் கருவியாகவே துப்பாக்கியை உலகம் அறிந்திருக்கிறது. ஆனால் நாம் இங்கே பேசுவது காகிதத்தில் வரைந்த வட்டங்களை நோக்கிச் சுடும் ஒரு விளையாட்டைப் பற்றி. வில்வித்தை எப்படியோ, இதுவும் அப்படியே. கண்ணும் கையும் மூச்சும் மனமும் ஒன்றுபட்டால்தான் இதில் வெற்றி கிட்டும்.

மங்கையர்க்கென ஒரு பந்தயம்

ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் பந்தயம் முதன்முதலாக 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது. கனடா நாட்டு லிண்டா தாமும் அமெரிக்காவின் ரூபி பாக்ஸும் ஆளுக்கு 585 புள்ளிகள் எடுத்துச் சமநிலையில் நின்றனர். மீண்டும் சுட்டுப் பார்த்ததில் லிண்டா தாம் வென்று தங்கம் பெற்றார். நம் நாட்டில் கோலாப்பூரைச் சேர்ந்த ராஹி சர்னோபத் 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதே பந்தயத்தில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுத் துப்பாக்கி சுடுதலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே.

இப்பந்தயம் இரு பகுதிகளாக நடைபெறும். முதற்பகுதியில் 30 குண்டுகளை நிதானமாகச் சுட வேண்டும். ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம் அவகாசம். அடுத்த பகுதியில் வேகம். கையைத் தாழ்த்திக் காத்திருக்க வேண்டும். ஏழு விநாடிகள் கழித்துப் பச்சை விளக்கு எரியும். மூன்றே விநாடிகளில் கையை உயர்த்திக் குறிபார்த்து ஒரு குண்டைச் சுட்டுவிட வேண்டும். இப்படியே மற்றொரு 30 குண்டுகள். ஒரே கையால்தான் சுட வேண்டும். மறு கையின் துணை கூடாது.

அரைத்தானியங்கி என்றால் என்ன?

இந்தப் பந்தயத்திற்குப் பயன்படுவது பெரும்பாலும் அரைத்தானியங்கிப் பிஸ்டல். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். விசையை அழுத்தியதும் தோட்டாவிலுள்ள மருந்து எரிந்து வாயுவாகிறது. அவ்வாயு ஈயக்குண்டை முன்னே தள்ளும்போதே, வெற்றுக்கூட்டைப் பின்னே தள்ளுகிறது. அந்த வேகத்தில் பின்னே நகரும் இரும்புக் கட்டை வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது. பிறகு சுருள்வில் அக்கட்டையை முன்னே இழுத்து வர, மேகசினிலுள்ள அடுத்த தோட்டா தானாகவே குழலுக்குள் ஏறிவிடுகிறது. அடுத்த தோட்டாவை ஏற்றுவது தானாக நடக்கும். சுடுவது மட்டும் நம் விரலின் வேலை. ஒருமுறை அழுத்தினால் ஒரே குண்டுதான். அதனால்தான் "அரை" என்னும் அடைமொழி.

இனி, ஒரு நல்ல பிஸ்டலை எப்படி மதிப்பிடுவது என்று பார்ப்போம்.

1. தோட்டாவின் அளவு

பெண்கள் 25 மீட்டர் பந்தயத்துக்கு 5.6 மில்லிமீட்டர், அதாவது 0.22 அங்குலத் தோட்டாதான் விதி. இதன் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையே உள்ளது. உதைப்பு குறைவு, ஓசை குறைவு, விலையும் மற்றத் தோட்டாக்களைவிடக் குறைவு. பொழுதுபோக்காகச் சுடப் பழகுவோருக்கும் இதுவே ஏற்றது. பெரிய தோட்டா வெடிக்கும் ஒவ்வொரு முறையும் கற்பவர் கண்ணைச் சிமிட்டித் தோளைச் சுருக்கிக் கொள்வார். அப்பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவது கடினம்.

2. பிடி

நம் மாணவியர் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். பெரிய கைக்குச் செதுக்கிய பிடியைச் சிறிய கை பற்றினால் விரல் விசையை எட்டாது. எட்டிப் பிடிக்க முயன்றால் குழல் பக்கவாட்டில் திரும்பிவிடும். பந்தயப் பிஸ்டல்களின் பிடி பெரும்பாலும் வால்நட் மரத்தால் ஆனது. சிறியது, நடுத்தரம், பெரியது என்றும், வலக்கை இடக்கை என்றும் பல அளவுகளில் கிடைக்கும். உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகையை மேலும் கீழும் நகர்த்தலாம். வேண்டுமானால் மரத்தை இழைத்துத் தன் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளவும் செய்கிறார்கள்.

பிடி பொருந்துகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தோட்டா இல்லாத பிஸ்டலைப் பயிற்சித் தளத்தில் இலக்கை நோக்கி நின்று கையில் ஏந்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை இயல்பாக உயர்த்த வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால், முன்குறியும் பின்குறியும் தாமாகவே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பித்தான் சரிசெய்ய முடிகிறது என்றால், அந்தப் பிடி நம்முடையதன்று.

3. எடையும் சமநிலையும்

பிஸ்டல் 1400 கிராமுக்கு மிகக் கூடாது என்பது சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதி. எடை மிகக் குறைந்தால் கை நடுக்கம் முழுவதும் குழலில் தெரியும். அதிகமானால் அறுபது முறை கையை உயர்த்துவதற்குள் தோள் சோர்ந்துவிடும். மொத்த எடையைக் காட்டிலும் அது எங்கே அமைந்திருக்கிறது என்பது முக்கியம். ஜெர்மனியின் வால்த்தர் ஜி.எஸ்.பி., இத்தாலியின் பார்தினி எஸ்.பி. போன்ற பந்தயப் பிஸ்டல்களில் மேகசின் பிடிக்குள் இல்லாமல் விசைக்கு முன்னால் அமைந்திருக்கிறது. எடை முன்பக்கம் சாய்வதால், சுட்டவுடன் குழலின் முனை துள்ளி எழுவது குறைகிறது. அடுத்த குண்டுக்குக் கை விரைவில் நிலைபெறுகிறது.

4. விசை

துப்பாக்கியின் உயிர்நாடி விசையே. இந்தப் பந்தயத்துக்குரிய விசை குறைந்தது 1000 கிராம் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். பந்தயத்துக்கு முன் இதைச் சோதிப்பார்கள். குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு மேலே தூக்குவார்கள். விசை விடுபடாமல் அந்த எடையைத் தூக்கினால் அது தேறியது. விசை விடுபட்டுவிட்டால் அந்தப் பிஸ்டலுக்கு அனுமதி இல்லை.

நல்ல விசைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் இலேசாக நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். பிறகு, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் ஒரே சீராக விடுபடும். இடையே கரகரப்போ, இழுபறியோ இருத்தலாகாது. இன்று ஒருவிதம், நாளை ஒருவிதம் என்று மாறவும் கூடாது.

5. குறிகள்

பிஸ்டலின் முனையிலுள்ள முன்குறி, பின்பக்கமுள்ள பிளவின் நடுவே சரியாகத் தெரிய வேண்டும். தொலைநோக்கிக் கண்ணாடிக்கு இங்கே இடமில்லை. இவ்விரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் அதிகமாக 220 மில்லிமீட்டர் இருக்கலாம். இதை வைத்துக் கணக்கு வகுப்பில் கற்ற விகிதத்தைக் கொஞ்சம் பயன்படுத்திப் பார்ப்போம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு எவ்வளவு விலகும்? 25,000ஐ 220ஆல் வகுத்தால் 113 மில்லிமீட்டருக்கும் மேல். நிதானப் பகுதி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 50 மில்லிமீட்டர்தான்! ஆகவே பத்தில் விழ வேண்டிய குண்டு ஆறில் போய் விழும். ஓர் அரிசியின் கனமுள்ள பிழை நான்கு புள்ளிகளைப் பறித்துவிடுகிறது.

எனவே பின்குறியைத் திருகி நுட்பமாகச் சரிசெய்ய வசதி இருக்கிறதா, திருகிய இடத்திலேயே அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுடும்போது கண் இலக்கைப் பார்க்காது, முன்குறியைத்தான் பார்க்கும் என்பதும் பலர் அறியாத செய்தி.

6. நம்பகம்

மூன்று விநாடிக்குள் சுட வேண்டிய நேரத்தில் வெற்றுக்கூடு சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? மனு பாக்கர் டோக்கியோவில் பட்ட வேதனையை நினைத்துப் பார்த்தால் போதும். ஆகவே வாங்குவதற்கு முன் ஒன்றிரண்டு குண்டுகளைச் சுட்டுத் திருப்தி அடையலாகாது. ஐந்து ஐந்தாகப் பல வரிசைகள் சுட வேண்டும். தோட்டா ஏறுவதிலும் கூடு வெளிவருவதிலும் ஒருமுறையேனும் தடங்கல் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு பிஸ்டலுக்கு உகந்த தோட்டா மற்றொன்றுக்கு உகக்காது. அதனால் பிஸ்டலை அசையாத பிடிச்சட்டத்தில் பூட்டி, பல வகைத் தோட்டாக்களைச் சுட்டு, எதன் துளைகள் மிக நெருக்கமாக விழுகின்றன என்று ஒப்பிடுவார்கள். கை நடுக்கம் கலவாத இச்சோதனையில் கருவியின் உண்மையான தரம் தெரிந்துவிடும். பழைய பிஸ்டலானால் குழலின் உட்புறத் தேய்மானத்தையும் சுருள்வில்லின் தளர்ச்சியையும் பார்க்க வேண்டும். உதிரிப் பாகம் கிடைக்குமா, பழுது பார்ப்பவர் அருகில் இருக்கிறாரா என்பதையும் முன்கூட்டியே விசாரிப்பது நலம்.

சட்டமும் பாதுகாப்பும்

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றி இத்தகைய பிஸ்டலை வைத்திருத்தல் குற்றம். 21 வயது நிறையாதவருக்கு உரிமம் கிடையாது. இளையோர், சட்டம் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தகுதியுள்ள பெரியவர்களின் மேற்பார்வையில் பயிற்சி பெறலாம். எனவே மாணவியரின் முதற்படி பிஸ்டல் வாங்குவதன்று; ஒரு நல்ல சங்கத்தில் சேருவதே. 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்திய தேசிய ரைபிள் சங்கத்துடன் இணைந்த சங்கங்கள் மாநிலங்களில் உள்ளன. தொடக்கத்தில் சங்கத்துக் காற்றுப் பிஸ்டலிலேயே பழகலாம். பந்தயத் தரமுள்ள அரைத்தானியங்கியின் விலை இலட்சத்தைத் தாண்டுவதால், அவசரப்பட்டுப் பெற்றோரை நச்சரிக்க வேண்டாம்!

சுடும் தளத்தில் சில விதிகளுக்கு விலக்கே இல்லை. குழல் எப்போதும் இலக்கின் திசையையே நோக்க வேண்டும். சுடும் கணம்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. தோட்டா இல்லை என்று நாமே பார்த்தாலும், இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். சுடாத வேளையில் குழலின் அறையில் பாதுகாப்புக் கொடி செருகப்பட்டிருக்க வேண்டும். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். ஈயம் நஞ்சாதலால், சுட்டு முடித்தபின் கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. வீட்டில் பிஸ்டலை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறொரு பூட்டிலும் வைக்க வேண்டும். இவற்றை மதிக்காத ஒருவர் எவ்வளவு குறிதவறாமல் சுட்டாலும் அவரை வீரர் என்று யாரும் ஏற்கமாட்டார்.

நிறைவாக

பாரிஸ் ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் இறுதிச் சுற்றில் மனு பாக்கர் ஹங்கேரி வீராங்கனையுடன் சமநிலையில் நின்று, மீள்சுடுதலில் பின்தங்கி நான்காம் இடம் பெற்றார். மூன்றாவது பதக்கம் கை நழுவிற்று. அன்று கருவி அவரைக் கைவிடவில்லை. எதிரில் நின்றவர் சற்று மேலாகச் சுட்டார், அவ்வளவே. அப்படித் தோற்பதில் இழுக்கில்லை. நம்மால் இயன்றதைச் செய்ய விடாமல் தடுக்கும் கோணல்களை முன்பே ஆராய்ந்து நீக்கிவிட வேண்டும். எஞ்சியதைப் பயிற்சிக்கும் பொறுமைக்கும் விட்டுவிட வேண்டும்.

பிஸ்டல் ஆயினும், வீணை ஆயினும், தையல் இயந்திரம் ஆயினும் இவ்வழியே நல்வழி. பளபளப்பையும் பெயரையும் பார்த்து மயங்காமல், நம் கைக்குப் பொருந்துவதையும் நம் தேவைக்கு உதவுவதையும் பொறுமையாகச் சோதித்துத் தேர்ந்தெடுப்போம். பிறகு அக்கருவிக்கு ஏற்ற கையாக நம்மை நாமே பழக்கிக்கொள்வோம். அடுத்த ஒலிம்பிக் மேடைகளுள் ஒன்றில் நம் பள்ளித் தோழி ஒருத்தியின் பெயரும் ஒலிக்கட்டும்!