மூலையில் கிடக்கும் புல்லட்

சில வீடுகளில் தாழ்வாரத்து மூலையில் பழைய என்பீல்டு புல்லட் ஒன்று கோணியைப் போர்த்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். அவ்வண்டியின் தாயகமான இங்கிலாந்தில், ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1955-இல் பிறந்த சென்னைக் கம்பெனியோ 1977-இல் அந்த இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்தது! அத்தகைய யந்திரத்தைப் பழைய இரும்பாக எடைக்குப் போடுவது அநியாயமல்லவா?

வீட்டிலேயே அதற்கு உயிரூட்டலாம். ஆனால் பெரும்பாலோர் முதற்காரியமாக வாங்குவது வர்ணம்; அது பிணத்துக்குச் செய்யும் அலங்காரமே. முதலில் இஞ்சினைக் கவனிக்க வேண்டும். பல வருஷம் நின்ற வண்டியில் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கக் கூடும். அப்போது கிக்கரை ஓங்கி மிதிப்பது முரட்டுத்தனம்; உள்ளே ஏதேனும் முறியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே மெல்லிய எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் பொறுத்திருக்க வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். அசையாவிடில் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் பொறுமை.

வால்வுகளைச் சரிபார்க்க விரல்களே போதும். இஞ்சின் குளிர்ந்து, இரு வால்வுகளும் மூடியிருக்கையில், புஷ்ராடு என்னும் தண்டுகள் விரலுக்குச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது.

வர்ணத்தை இனி வாங்கலாம். பழைய நட்டு, போல்ட்டுகளை மட்டும் எறிந்துவிட வேண்டாம். அவற்றில் பல அங்குலக் கணக்கில் மரை வெட்டியவை, இக்காலத்து மில்லிமீட்டர் உருப்படிகள் அவ்விடத்தில் பொருந்தா.