முறுக்கிய கம்பியும் பிரிந்த வண்ணமும்

கலாசாலை மண்டபங்களில் ஒரு கோடியிலுள்ள கணினியினின்று மறு கோடியிலுள்ள திரைக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டு செல்லுதற்கு, கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மெல்லிய கேபிளையே பலரும் கையாளுகின்றனர். விலையோ குறைவு, சுவரோரமாக வளைத்துச் செலுத்துதலும் எளிது. அதனுள் எட்டுச் செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பெற்று நான்கு இணைகளாய்க் கிடக்கின்றன. இம்முறுக்கு எற்றுக்கெனின், கூறுதும். அலெக்ஸாந்தர் கிரகாம் பெல் என்பார் 1881ஆம் ஆண்டில் டெலிபோன் கம்பிகளின்பொருட்டு இதற்கு உரிமை பெற்றனர். புறத்திருந்து வரும் மின்னிரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளையும் ஒப்பத் தாக்கும். முடிவில் அவ்விரண்டன் வேற்றுமை மாத்திரமே கொள்ளப்படுதலின், இரைச்சல் பெரும்பாலும் கழிந்துபோம். ஆயின் நான்கு இணைகளையும் ஒரே நெருக்கமாய் முறுக்கினால் ஓரிணையின் செய்தி அடுத்த இணையிற் புகுந்து கலக்கும். அதனைத் தடுக்க ஒவ்வோரிணையும் வெவ்வேறு நெருக்கமாய் முறுக்கப்படுகின்றது.

அம்மருந்தே வேறொரு நோய்க்கு வித்தாயிற்று. நெருங்க முறுக்கிய இணையிற் கம்பியின் நீளம் மிகும். அதன்வழிச் செல்லும் செய்தி பிந்தி வரும். நூறு கோடியில் ஒரு பங்கு நொடியை நானோ நொடி என்பர். 100 மீட்டர் நீளத்தில் இணைகளுக்குள் 45 நானோ நொடி வரை முன்பின் இருக்கலாமெனக் கேட்டகரி 5இ கேபிளுக்குரிய விதி இடந்தருகின்றது. கணினிச் செய்திக்கு இஃதொரு பொருட்டன்று. பெறுங்கருவி காத்திருந்து கோத்துக்கொள்ளும். பழைய அனலாக் படமோ சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாய்ப் பிரிந்து தனித்தனி இணையிற் சென்றது. அகலத்தில் 1024, உயரத்தில் 768 புள்ளிகளுடைய படம் நொடிக்கு 60 முறை வரையப்படுங்கால், ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 15 நானோ நொடியே. ஆகவே ஒரு வண்ணம் மூன்று புள்ளி தள்ளி விழக்கூடும். வெள்ளெழுத்தின் ஒருபுறம் செம்மையும் மறுபுறம் நீலமும் கசியும். முந்தும் வண்ணத்தைத் தடுத்து நிறுத்தும் கருவிகள் வந்தன. முறுக்கு வேறுபாட்டைக் குறைத்த தனிக் கேபிள்களும் வந்தன. அவை கணினிப் பிணைப்பிற்கு ஏலாவாயின.

மற்றொரு குறையும் உண்டு. நொடிக்கு 10 கோடி அதிர்வுடைய மின்னலை 100 மீட்டர் கடந்தபின் அதன் ஆற்றலில் நூற்றைம்பதில் ஒரு பங்களவே மிஞ்சும். மெல்லதிர்வுகளோ பெரும்பகுதி பிழைத்து வரும். படத்தின் நுண்ணிய விளிம்புகளைத் தாங்குவன விரைந்த அதிர்வுகளே. ஆதலின் முதலில் அழிவன சிற்றுருவங்கள். தமிழ் படிப்பார்க்கு இது சிறு துன்பமன்று: மெய்யின் தலைமேலுள்ள புள்ளி மறையின் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடுமன்றோ!

2010ஆம் ஆண்டில் வெளிவந்த எச்டிபேஸ்டி முறை, படத்தை எண்களாக்கி 100 மீட்டர் வரை இக்கேபிளிலேயே செலுத்துகின்றது. வண்ணம் பிரிதல் ஒழிந்தது. எனினும் எண்களின் தொகை பெரிது. 1920க்கு 1080 புள்ளியுடைய படத்தைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி எண்குறிகள் வேண்டும். புள்ளிகள் நான்மடங்காயின் அதுவும் நான்மடங்காம். மேலும், அனலாக் படம் கெடுமுன் மங்கிக் காட்டிற்று. எண்மயமான படமோ கேபிள் ஏலாத எல்லைவரை குற்றமின்றி ஒளிர்ந்து, அதற்கு ஓரடி அப்பால் மினுக்கி அடியோடு அணைந்துபோகும்.