வர்ணத்துக்குள் துரு

கடல் சூழ்ந்த நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய லாண்ட்ரோவர் ஒன்றை வீட்டார் விற்க எண்ணினால், சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். 1948இல் அறிமுகமான அவ்வண்டியின் பொடி பெரும்பாலும் அலுமினியக் கலவை, அது துருப்பிடிப்பதில்லை. அதைத் தாங்கும் சேஸியோ உருக்கு. சேறும் ஈரமும் தங்கி, அது உள்ளிருந்தே அரிபடும். வயர், குழாய், ஸ்டியரிங் இணைப்புகளைக் கழற்றி, போல்ட்டுகளை நீக்கிப் பொடியைத் தூக்கினால்தான் முழு நிலையும் தெரியும்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். துருவின்மேல் வர்ணம் பூசி விற்பதும் அத்தகையதே. வாங்குபவரின் பிள்ளைகளும் அவ்வண்டியில்தானே ஏறுவார்கள்! குறையைச் சொல்லி விற்றால் காசு குறையலாம், பரக்கத் குறையாது.