எக்கடிதத்துக்கு இசைவது?

மலையகப் பிள்ளைகள் பட்டம் பெறுதலே அரிதாயிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ கொத்மலைத் தோட்டங்களிலிருந்து வந்து எம் கல்லூரியிற் கற்றுப் பட்டதாரிகளானோர், சர்வதேச உறவுகள் என்னும் துறையில் முதுமாணிப் பட்டம் பெற விழைந்து, இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் அனுமதிக் கடிதங்களுடன் வந்து எம்மிடம் யோசனை கேட்கின்றனர். அவர்களுக்குக் கூறுவனவற்றை இவ்விழா மலர் வாயிலாக யாவர்க்கும் கூறுகின்றோம்.

இத்துறை நமக்கு அந்நியமானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோரென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தமையன் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அம்மேசையில் நம்மவர் எவரும் அமர்ந்திருக்கவில்லை. நாம் நாள்தோறும் காணும் கொத்மலை நீர்த்தேக்கமும் சுவீடன் தேசத்து உதவியுடன் எழுந்து 1985இல் நிறைவெய்தியதே. ஆகவே, நம் பிள்ளைகள் இத்துறையைக் கற்க விரும்புதல் தகும். ஆயினும், விருப்பம் வேறு, தெரிவு வேறு.

முதலாவது பொருள் நிலை. அனுமதிக் கடிதம் வேறு, புலமைப்பரிசிற் கடிதம் வேறு. கல்விக் கட்டணம், உறையுள், உணவு, பயணம், விசா, மருத்துவக் காப்புறுதி ஆகிய அனைத்தையும் கூட்டி, கிடைக்கும் உதவியைக் கழித்துப் பார்க்க வேண்டும். எஞ்சுவதே பெற்றோர் தோளில் ஏறும் சுமை. பிரித்தானியாவில் முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு, புதுடில்லியில் இரண்டாண்டு. ஆண்டு குறைந்தால் செலவும் குறையுமென எண்ணலாகாது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தருவது. ஆனால், கற்றபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. புகழ்பெற்ற பெயரொன்றை நம்பிக் கடன்பட்டுச் சென்ற எம் மாணவர் ஒருவர், படிப்பு முடியுமுன் பணம் முடிந்தமையால் வெறுங்கையுடன் மீண்டார். அத்துயரை யாம் மறந்திலோம்.

இரண்டாவது நோக்கம். இலங்கை வெளிநாட்டுச் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலமே ஆட்சேர்ப்பு நடைபெறுகின்றது. அதனை நாடுவோர்க்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் கதவு திறவாது. விரிவுரையாளராக விரும்புவோர், ஆய்வுக் கட்டுரை எழுதும் வாய்ப்புள்ள கற்கைநெறியையே தேர்தல் வேண்டும்.

மூன்றாவது ஆசிரியர். இத்துறைக்கு உலகின் முதற் பேராசிரியர் பதவி 1919இல் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித்தில் அமைந்தது. அப்பழைமை பெருமைக்குரியதே. எனினும், இந்திய – இலங்கை ஒப்பந்தங்களை ஆராய விழைபவர்க்குப் புதுடில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் பொருந்தக்கூடும். சார்க் நாடுகளின் மாணவர் ஒருங்கு கற்கவென 2010இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகமும் அந்நகரிலேயே உண்டு. அகதிகள் பற்றியும் உலக நிறுவனங்கள் பற்றியும் கற்போர்க்கு ஜெனீவா ஏற்றது. வழிகாட்டப்போகும் ஆசிரியரின் நூலொன்றையேனும் வாசித்த பின்னரே முடிவு செய்க. அங்கு கற்கும் மாணவர் இருவருக்கேனும் எழுதி உண்மை நிலை அறிக.

நான்காவது காலம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பண உதவியுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை விடை கோருவதில்லை என இசைந்துள்ளன. பிறவிடங்களில் தவணை வேண்டின் பணிவுடன் எழுதிக் கேட்கலாம். ஏற்காத இடத்துக்கு உடனே மறுமொழி எழுதுக. அவ்விடத்துக்காக இன்னொரு பிள்ளை காத்திருக்கக் கூடும்.

சுருங்கக் கூறின், கடன் சுமத்தாததும், நல்லாசிரியர் வாய்த்ததும், நம் நோக்கத்துக்கு இசைந்ததுமான இடமே சிறந்த இடம். நம்மைக் கேளாமலே நம் விதி எழுதப்பட்ட மேசையில், நாளை நம் பிள்ளை ஒருவர் கற்றறிந்தவராய் அமர்வாராக!