புள்ளிகள் சொல்லும் வயது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிராட்ஃபோர்டு நகரில் தயாராகும் ‘கேஸ்’ மடக்குக் கத்தியை விரித்து, அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தை லென்ஸில் பாருங்கள். 1960களின் கடைசி வருடங்களில் அங்கே கம்பெனி பெயர், இரண்டு எக்ஸ், யு.எஸ்.ஏ. என்ற எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1970இல் அதோடு பத்துப் புள்ளிகள் சேர்ந்தன. அடுத்த வருடம் ஒன்பது, அதற்கடுத்து எட்டு என்று குறைந்து, 1979இல் ஒற்றைப் புள்ளி. 1980இல் மறுபடியும் பத்து. ஆனால் பெயரிலுள்ள ‘எஸ்’ மின்னல் கீற்றுபோல ஒடிந்திருக்கும்.

இவ்வளவு ஒழுங்கான கணக்கு என்றால், கணக்கு தப்பிய கத்திக்குத்தான் கிராக்கி. இரட்டை அலகுக் கத்தி ஒன்றில் ஓர் அலகில் புள்ளியே இல்லை, மற்றதில் பத்துப் புள்ளி. போலியா? அவசரப்பட வேண்டாம். அலகுகளை வெட்டி, முத்திரை குத்தி, பெட்டி பெட்டியாகக் குவித்து வைத்த பிறகுதான் கத்தியாகக் கோப்பார்கள். புது அரிசி வந்தாலும் பழைய மூட்டையைத் தீர்ப்பதுபோல, பழைய முத்திரை அலகுகளும் புதியவற்றோடு கலந்து போகும். பக்கத்துப் பக்கத்து வருடங்கள் என்றால் நம்பலாம். ஒன்றில் பத்துப் புள்ளி, மற்றதில் இரண்டு என்றால் எட்டு வருட இடைவெளி. யாரோ பிற்பாடு அலகை மாற்றியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

புள்ளி ஒன்று குறைந்தாலும் உடனே வருடத்தை மாற்றிச் சொல்லக் கூடாது. அச்சு தேய்ந்தாலோ அடி லேசாக விழுந்தாலோ புள்ளி பதியாமல் போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், கண்ணுக்குத் தப்பிய பள்ளம் நிழலாகத் தெரியும்.

பிற்பாடு முத்திரையை மாற்றிய மோசடியைக் காட்டிக்கொடுப்பது எஃகின் குணம். முத்திரை குத்தும்போது எஃகு மிருதுவாக இருக்கும். அதன் பிறகே உலையில் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். மிருதுவான உலோகத்தை அச்சு அழுத்தும்போது உலோகம் ஓரத்துக்கு ஒதுங்குகிறது, எங்கும் போய்விடுவதில்லை. கடினமான அலகில் அப்படிக் குத்த முடியாது. அமிலத்தால் அரிக்க வேண்டும், அல்லது செதுக்க வேண்டும். அரித்த பள்ளத்தின் அடி சொரசொரப்பாகவும், செதுக்கியது கீறல் கீறலாகவும் இருக்கும். போதாததற்கு, பழைய எழுத்தை ராவி எடுத்தால் அந்த இடம் மெலிந்துபோய், பக்கத் தகட்டுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விழும். அதை மறைப்பது சுலபமல்ல.

கைப்பிடிக்கும் பரிசோதனை உண்டு. மாட்டெலும்பு என்றால் ரத்தக் குழாய் ஓடிய நுண்துளைகள் பழுப்புப் புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் தெரியும். எலும்புக்குப் பதிலாகப் பொருத்தும் டெல்ரின் பிளாஸ்டிக்கில் அவை கிடையாது. எலும்பின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் சாயம் ஒரே மாதிரி ஊறாது. அப்படித் தப்பித் தவறிச் சிவந்த ‘சிவப்பு எலும்பு’ கைப்பிடிக்குத் தனி மவுசு. அசல் சிவப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கடைக் கண்ணாடிப் பெட்டியில் வெயில் பட்டு நிறம் மாறியது என்றால், ஒரு பக்கம் மட்டும் மாறியிருக்கும். விற்கிறவர் மேலே காட்டி வைத்திருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.